பதினெட்டு இஞ்ச் காது

உலகத்தில் பேய் என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் பேஸ் மட்டுமே. மனித குலம் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்த இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் திண்டிவனம் கோகுலகிருஷ்ணன். கண்டுபிடித்த இடம், மேம்பாலத்துக்குக் கீழே உள்ள டீக்கடை.

அவன் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. நொடிக்கு இருபது தடவைக்கும் குறைவாக அதிர்கிற சத்தம் மனிதன் காதில் விழாது. ஆனால் உடம்பில் விழும். அடிவயிறு குழையும், கை மயிர் எழுந்து நிற்கும், கடைக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்த மாதிரி இருக்கும். முன்னோர்கள் இதற்கு முனி என்று பெயர் வைத்துக் கோழி அறுத்தார்கள். கோகுல் இதற்கு பேஸ் என்று பெயர் வைத்து, அதை எழுப்பும் சப்வூஃபர் ஸ்பீக்கர்களை வீடு வீடாக மாட்டிக் கொடுக்கிறான். வேலை முடிகிற அன்று வீட்டுக்காரர் பிரியாணி போடுவார். ஆக, கோழியைப் பொறுத்தவரை விஞ்ஞானம் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை.

"அப்ப எங்க ஊரு புளியமரத்துல இருக்கறது இன்னாடா?" என்று வல்லரசு கேட்பான். வல்லரசு தச்சன். கோகுல் மாட்டுகிற பெட்டிகளுக்கு மரவேலை செய்பவன்.

"காத்து. பெரிய மரம், பெரிய கிளை, மெதுவா ஆடுது. லோ ஃப்ரீக்வென்சி."

"சுடுகாட்டுல?"

"பக்கத்துலயே ஹைவே. லாரி."

"எங்க சித்தி வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஆடுதே, அது?"

"அது உங்க சித்தப்பா மேல இருக்கற கோவம். என் டிபார்ட்மென்ட் இல்ல."

கோகுலின் தொழிலில் சிறப்புப் பிரிவு ஒன்று உண்டு. மறைத்து வைப்பது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கத் தனி அறை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அந்த அறைக்குள் பீரோ அளவு கறுப்புப் பெட்டிகள் வருவதைப் பார்த்து வாசலில் மறித்து நிற்கிறவர்கள் எல்லாரும் அவர்கள் மனைவிமார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் சமாதானம் செய்துவைப்பது கோகுல்தான். பெட்டியைச் சுவருக்குள் விடுவான், சோபாவுக்கு அடியில் விடுவான், பூஜை ரூமுக்குப் பின்பக்கம்கூட விட்டிருக்கிறான். அவனுடைய விசிட்டிங் கார்டில் ஒரு வரி இருந்தது: 'கேட்கலாம், காண முடியாது.'

அதை முதன்முதலில் படித்தது விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவன் அக்கா கலைப்பிரியா. படித்துவிட்டுச் சொன்னாள்: "இதத்தான்டா ஊர்ல பேய்ங்கறாங்க."

கலைப்பிரியாவின் வீடு ரயில் லைனுக்குப் பக்கத்துத் தெரு. புருஷன் திருமுருகன் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். மாமனார் சுப்பராயலு, வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் காட்டை விற்று அந்த வீட்டைக் கட்டியவர், பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்தது. அந்தக் கையில் ஒரு மோதிரம். தண்ணீர் வேண்டுமென்றால் மோதிரத்தால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். சமையற்கட்டிலிருந்து கலைப்பிரியா "தோ வர்றேன் மாமா" என்பாள். அடுப்பில் எதையாவது பார்த்துக்கொண்டு அவள் தாமதித்தால் மறுபடியும் இரண்டு தட்டு. கோபமாகத் தட்ட மாட்டார். வர்றேன் என்று சொன்னாயே, அதை ஞாபகப்படுத்துகிறேன் என்கிற மாதிரி, நிதானமாக. அவள் வந்து முகம் காட்டும்வரை விட மாட்டார். மற்றபடி அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

போன வருஷம் மாசி மாதம் அவர் இறந்துபோனார்.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி, குளித்து, ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். தினமும் போனை வைப்பதற்கு முன்னால் நாலு தடவை 'வர்றேன்' சொல்கிற ஆட்கள்கூட, எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கோகுல் இதைக் கொஞ்ச நேரம் சுவாரஸ்யமாகப் பார்த்தான். படித்த ஊர், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர், ஜங்ஷன். இவ்வளவு இருந்தும் ஒரு சொல்லுக்குப் பயப்படுகிறார்களே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

அவன் எழுந்தான். வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினான். உள்பக்கம் திரும்பி, மேடையில் மைக் பிடித்த மாதிரி தெளிவாகச் சொன்னான்: "அப்போ நான் போயிட்டு வர்றேங்க."

ஹாலில் பேச்சு நின்றது. சுப்பராயலுவின் தங்கச்சி கெங்கம்மாள் மட்டும் தலையைத் துவட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"யார்கிட்டப்பா சொன்ன?"

"பொதுவா சொன்னேன் அத்த."

"பொதுவா சொன்னா யாரு வேணா எடுத்துக்குவாங்களே."

"அத்த, வார்த்தைன்றது தொண்டையில கெளம்புற காத்து. கேக்கறதுக்குக் காது வேணும். செத்தவங்களுக்குக் காது கெடையாது."

"அப்படியா," என்றாள் கெங்கம்மாள். துவட்டுவதைத் தொடர்ந்தாள்.

கோகுல் அந்த ஒரு வருஷத்தில் அந்த வீட்டுக்குப் பல தடவை போனான். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, வழக்கம் போல, "போயிட்டு வர்றேன்கா" என்றுதான் கிளம்பினான். ஒன்றும் நடக்கவில்லை. அதை அவன் டீக்கடையில் ஆதாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

வருஷத் திதி முடிந்ததும் திருமுருகன் அவனைக் கூப்பிட்டார். "அப்பா ரூமு சும்மாதான்டா கெடக்குது. நல்லா அடிக்கிற மாதிரி ஒரு செட்டு போட்டுக் குடு. பம்புசெட்டு சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு."

கோகுல் பதினெட்டு இஞ்ச் பேஸ் ஸ்பீக்கர் இரண்டு கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்காரும் அளவு பெட்டி.

கலைப்பிரியா இடுப்பில் பாப்பாவோடு வந்து பார்த்தாள். "இன்னாடா இது, ரெண்டு வாஷிங் மிஷினு. இத வீட்ல வெச்சிக்கினு நான் எங்க துணி காயப்போடறது?"

"நீ கண்ணால பாக்கவே மாட்டக்கா. சத்தம் மட்டும்தான் வரும். எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது."

"அது ஒண்ணுதான் கொறச்சல் இந்த வீட்ல."

பேஸ் பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க அந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் சரியான முறை. ஆள் உட்கார்ந்து கேட்கப் போகிற இடத்தில் பெட்டியை வைக்க வேண்டும். ஒரு தாழ்ந்த சத்தத்தை விடாமல் ஓடவிட வேண்டும். பிறகு ஆள் தரையில் மண்டிபோட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போய், எந்த இடத்தில் சத்தம் நிறைந்து கேட்கிறதோ அங்கே நிற்க வேண்டும். அந்த இடம்தான் பெட்டிக்கு இடம். பெட்டியும் ஆளும் இடம் மாற்றிக்கொண்டால் கேட்பது மாறாது.

கோகுல் தவழ்ந்தான். கெங்கம்மாள் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "இன்னாப்பா, எதாச்சும் தொலச்சிட்டியா?"

"பேஸ் தேடறேன் அத்த."

"எங்க அண்ணனும் கடைசில இப்படித்தான் கீழ எறங்கப் பாத்தாரு. கால் வரல."

வாசல் மூலையிலும் அதற்கு எதிர் மூலையிலும் ஒன்றுமில்லை. அலமாரி மூலையில் சும்மா ஒரு முனகல். ஜன்னல் மூலைக்கு வந்தபோது சத்தம் எழுந்து வந்து அவன் வயிற்றுக்குள் கை வைத்த மாதிரி இருந்தது. கோகுல் நிமிர்ந்தான். முகத்துக்கு நேரே சுவர். கட்டிலில் படுத்தவர் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தில், பெயின்ட் உதிர்ந்து, விரல் நுனி போகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். சுப்பராயலு தலை வைத்துப் படுத்திருந்த மூலை அது.

"மூலையில பேஸ் ஏறும். ஃபிஸிக்ஸ்," என்று பொதுவாகச் சொன்னான்.

மற்ற மூன்று மூலைகளும் அதே ஃபிஸிக்ஸ் படித்தவைதான். அவை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவன் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு பெட்டிகளையும் அந்த மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினான். மேல் ஸ்பீக்கரின் நடுப்பகுதி சரியாக அந்தப் பள்ளத்துக்கு எதிரே வந்து நின்றது. வல்லரசு அதற்கு முன்னால் பிளைவுட் சட்டம் அடித்து, சுவரின் நிறத்திலேயே துணி இழுத்துப் பொய்ச்சுவர் ஒன்றைக் கட்டினான். வேலை அவ்வளவு சுத்தம். அறை கொஞ்சம் குறுகியது தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. கடைசி ஆணியை அடித்துவிட்டு வல்லரசு காதோரமாகச் சொன்னான்: "பொணத்துக்குக் கோடித்துணி போத்தன மாதிரி இருக்குதுடா."

"வாய்ல நல்லதே வராதா?"

"நீதானே சொன்ன, வார்த்த வெறும் காத்துன்னு."

அன்று பிரியாணி. திருமுருகன் நாற்காலியில் சாய்ந்து ஒரு பாட்டைப் போட்டார். சமையற்கட்டில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இரண்டு தெரு தள்ளி ஒரு நாய் குரைத்தது. திருமுருகனின் முகத்தில் பெரிய நிம்மதி. கோகுல் பையைத் தோளில் மாட்டினான். "மாமா, அக்கா, போயிட்டு வர்றேன்."

பஸ் ஸ்டாண்டுக்குள் போவதற்குள் போன் வந்தது.

"டேய், உள்ள தட்டுது," என்றாள் கலைப்பிரியா.

"யாரு?"

"யாருன்னா? உன் டப்பாதான். உங்க மாமா கடைக்குப் போயிட்டாரு. எல்லாம் ஆஃப்ல இருக்குது. டொம், டொம்னு ரெண்டு தட்டு."

"ஸ்டாண்ட்பைல இருந்தா அப்படி வரும்கா. பிளக்கப் புடுங்கிடு."

பிளக்கைப் பிடுங்கினாள். மறுநாளும் தட்டியது. கோகுல் ரயில் என்றான். விழுப்புரத்தில் எதற்கும் ரயிலைக் காரணம் சொல்லலாம். எப்படியும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டிருக்கும்.

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ரயிலு கேக்கறேன்டா. ரயிலு வந்தா தடதடன்னு வந்துட்டுப் போயிடும். இது ரெண்டு தட்டு தட்டிட்டு நிக்குது." அவள் குரல் போனுக்கு நெருங்கி வந்தது. "காத்துக்கினு இருக்குது."

கோகுல் போய் ஒரு பகல் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்தான். போனில் அதிர்வு பார்க்கிற ஆப்பைப் போட்டுத் தரையில் வைத்தான். பச்சைக் கோடு செத்தவனின் ஈசிஜி கோடு மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. "பாத்தியா," என்றான். சாப்பிட்டான். "வர்றேன்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை திரும்புவதற்குள் போன்.

திருமுருகனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது பாட்டு ஓடும். பாட்டு ஓடாதபோது அவர் கடையில் இருப்பார். "இந்த செட்டு வர்றதே உங்க அக்காவுக்குப் புடிக்கல. மொதல்ல டப்பா பெருசுன்னா. மறச்சி வெச்சோம். இப்ப மறச்சி வெச்சது தட்டுதுன்றா. நாளைக்கி சுவரு அவளப் பாத்து மொறைக்குதும்பா. நான் ஒண்ணத்தையும் கழட்ட மாட்டேன்."

"அவரு கழட்ட வேணாம்," என்றாள் கலைப்பிரியா, கோகுலிடம், புருஷன் காதில் விழுகிற மாதிரி. "இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது நிக்கல, நான் பாப்பாவத் தூக்கிக்கினு திண்டிவனம் வந்துடறேன். அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"போனா போவட்டும். வண்டி வெச்சி அழச்சிக்கினு வர நான் வரமாட்டேன்."

கோகுலுக்கு அக்காவைத் தெரியும். எட்டாவது படிக்கும்போது அப்பா அடித்தார் என்று அவரோடு பேசுவதை நிறுத்தியவள், கல்யாணத்தன்று காலில் விழும்போதுதான் மறுபடி பேசினாள். மாமாவையும் தெரியும், அவர் பம்புசெட்டு விற்கிறவர், இழுத்தால் வராததை விட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது ஒரு துணிச்சுவர். கட்டியவன் அவன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், திண்டிவனத்தில் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். குரல் அமைதியாக இருந்தது.

"ஒண்ணு கவனிச்சேன்டா. நான் ஆயிரம் தடவ வர்றேன்றேன், உங்க மாமா வர்றேன்றாரு, பால்காரன் வர்றேன்றான். ஒண்ணும் கெடையாது. நீ வர்றேன்னு சொன்னாதான் தட்டுது. நீ வந்தா நின்னுடுது. போம்போது மறுபடியும் சொல்லிட்டுப் போற. மறுபடியும் தட்டுது."

கோகுல் சிரித்தான். பிறகு அவளுக்குத் தற்செயல் என்றால் என்ன என்று விளக்கினான். மனித மூளை சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் உடையது என்றான். பேய், பேஸ், லாரி, புளியமரம் எல்லாம் வந்தது.

"ஒரு வருஷமா நான் சொல்லிக்கினுதான் இருக்கேன். அப்பல்லாம் ஏன் தட்டல?" என்று கடைசியாகக் கேட்டான்.

"அப்ப தட்ட வழியில்ல போல," என்றாள் அவள்.

"சரிக்கா. ஞாயித்துக்கெழம காலைல நானே வர்றேன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் பாப்பா எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரால் பேஸைக் கொண்டுவர முடியாது. அது கோகுலுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் அவன் காதில் எதுவும் விழவில்லை. மேசையில் இருந்த டீ கிளாஸில் ஒரு வளையம் எழுந்து விளிம்புவரை போய் மறைந்தது. பிறகு இன்னொரு வளையம்.

கோகுல் எழுந்து வெளியே வந்து ரோட்டைப் பார்த்தான். லாரி எதுவும் இல்லை. ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். இப்போதுதான் ஒரு லாரி போயிருக்க வேண்டும் என்று கோகுல் முடிவு செய்தான். டீயை மட்டும் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரம் வீட்டு ஹாலில் ஒரு சூட்கேஸும் இரண்டு கட்டைப்பையும் வரிசையாக இருந்தன. பாப்பாவின் ஷூ சூட்கேஸ் மேல் இருந்தது. திருமுருகன் மேல்சித்தாமூர் பக்கம் யாருக்கோ மோட்டார் இறக்கப் போயிருந்தார். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். கெங்கம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் பஸ்ஸு," என்றாள் கலைப்பிரியா. "அதுக்குள்ள எதனா பண்றதுன்னா பண்ணு."

கோகுல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இன்றைக்கு எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி ஹாலில் கொண்டுபோய் வைத்தான். மெயின் சுவிட்சை இறக்கினான். மின்விசிறி நின்றது. துணிச் சட்டத்தைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்தான். இரண்டு ஸ்பீக்கர்களும் வெளியே வந்தன. கறுப்பாக, அகலமாக, கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒயர்களைப் பிடுங்கினான். வெறும் மரப்பெட்டியும், அதிர்கிற காகிதக் கூம்பும், காந்தமும்தான் மிச்சம்.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஆள் இல்லை. ஒரு சரக்கு ரயில் வந்தது. தரை நடுங்கியது, ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. ஸ்பீக்கர்கள் லேசாகச் சிலிர்த்துவிட்டு அடங்கின. ரயில் போனது. கோகுல் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ரயில்தான். ரயிலேதான். அவன் முகத்தில் மறுபடியும் டீக்கடைக் களை வந்தது.

"கோகுலு, ரெண்டு வாய் சாப்ட்டுட்டாவது பண்ணுடா," என்று ஹாலிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"தோ வர்றேன்கா," என்றான்.

டொம். டொம்.

அவனுக்கு முதுகுப் பக்கமிருந்து வந்தது. பிடுங்கிய ஒயர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. திரும்பினான். கீழ் ஸ்பீக்கர் சும்மா இருந்தது. மேல் ஸ்பீக்கரின் நடுவில், பின்பக்கமிருந்து யாரோ விரல் முட்டியால் தள்ளிய மாதிரி, காகிதம் மெல்ல அமிழ்ந்து பழைய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

கோகுல் பயந்தான் என்று சொல்ல முடியாது. அவன் விஞ்ஞானத்தின் பக்கம் இருக்கிறவன். விஞ்ஞானத்தின் பக்கம் இருக்கிறவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் சோதனை செய்வார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மல்லாட்ட," என்றான்.

ஒன்றுமில்லை.

"திண்டிவனம்."

ஒன்றுமில்லை.

"போறேன்."

அறை கொஞ்சம் இறுகின மாதிரி இருந்தது. ஆனால் சத்தமில்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். "வர்றேன்."

டொம், டொம். இந்தத் தடவை மெதுவாக. அவன் மெதுவாகச் சொன்னதற்கு ஏற்ற மெதுவாக. கோபமே இல்லை. சொன்னாயே, ஞாபகப்படுத்துகிறேன் என்கிற மாதிரி.

கடைசியாக ஒரு சோதனை மிச்சமிருந்தது. குரல் இல்லாமல், மூச்சுக்கூட விடாமல், உதட்டை மட்டும் அசைத்து அந்தச் சொல்லைச் சொன்னான். தட்டு வரவில்லை. மேல் ஸ்பீக்கரின் காகிதம் உள்ளே போனது. போனது வெளியே வரவில்லை. உள்ளேயே நின்றது. காது மந்தமானவர் நாம் முணுமுணுத்தது என்ன என்று பிடிக்க முகத்தைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாரே, அப்படி நின்றது.

அப்போதுதான் கோகுலுக்குத் தான் படித்த படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாமான். ஒரே காந்தம், ஒரே சுருள், ஒரே காகிதம். கரண்ட் கொடுத்தால் பேசும். சும்மா விட்டால் கேட்கும். செத்தவர்களுக்குக் காது கிடையாது என்று இந்த வீட்டு வாசற்படியில் நின்று அவன்தான் சொன்னான். அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். அந்த உண்மையை மாற்றி, தரையில் தவழ்ந்து சரியான இடம் பார்த்து, தலைமாட்டில், பதினெட்டு இஞ்ச் அளவில் இரண்டு காதுகளைப் பொருத்திவிட்டுப் போனவனும் அவன்தான்.

காகிதம் இன்னும் உள்ளேயே நின்றது.

கோகுல் ஒயரைக் கீழே வைத்தான். துணிச் சட்டத்தை எடுத்து, சத்தம் வராமல், பழைய இடத்தில் பொருத்தினான். ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, போன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். மெயின் சுவிட்சை ஏற்றினான். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. துணிச்சுவர் காற்றில் லேசாக உப்பி அடங்கியது. அவன் அதைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்தான்.

அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா ஆச்சு?"

அவன் தலையை ஆட்டினான். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை.

"முடிஞ்சிதா இல்லியா? சாப்ட்டுப் போடா. எங்க கெளம்பிட்ட?"

அவன் செருப்பை மாட்டினான். அது ஒரு வருஷத்துக்கு முன்னால் மாட்டிய அதே வாசற்படி. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. பல் துலக்குவது மாதிரி, யோசிக்காமல் வருகிற சொல். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"டேய், உன்னத்தான். சொல்லாம கொள்ளாம போற. மறுபடி எப்ப வ..." என்று ஆரம்பித்த கலைப்பிரியா நிறுத்தினாள். அவன் முதுகைப் பார்த்தாள். சோற்றுக் கையால் வாயை மூடிக்கொண்டாள். கெங்கம்மாள் போனில் சத்தத்தைக் குறைத்தாள். நிமிரவில்லை.

கோகுல் யார் முகத்தையும் பார்க்காமல் தெருவில் இறங்கினான். வெயிலில் நடந்து போய்க்கொண்டே இருந்தான். தெருமுனையில், பழக்கதோஷத்தில், டாட்டா காட்டக் கை தூக்கியது. அதைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது வல்லரசு கூப்பிட்டான். "இன்னாடா ஆச்சு, பேயா பேஸா?"

"டவர் இல்லடா," என்று வைத்துவிட்டான்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'சத்தமே இல்லடா. நானும் ரூமுலயே உக்காந்து பாத்துட்டேன். சூட்கேச உள்ள வெச்சிட்டேன். உங்க மாமா வந்துட்டாரு. ஒண்ணும் பேசல, மல்லிப்பூ வாங்கியாந்தாரு. ஆம்ப்ளிஃபயர அவரே மாட்டிக்கினாரு. அடுத்த மாசம் பாப்பா பொறந்தநாளு. வருவ இல்ல?'

கோகுல் 'வ' என்று அடித்தான். மீதியை அவன் அடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல்லை அவன் இத்தனை வருஷமாக அடித்து அடித்துப் போனே அதை மனப்பாடம் செய்துவைத்திருந்தது. விரல் பட்டால் போதும் என்று கீழே ஒரு சின்னக் கட்டத்தில், முழுசாக, காத்துக்கொண்டிருந்தது.

அவன் 'வ'வை அழித்தான். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். முன்சீட்டு வலைப்பையில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் பாதி நிரம்பி இருந்தது. திண்டிவனம் வரும்வரை கோகுல் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.